டேங்கிலிருந்து என்ஜின் வரை

ஆஸ்பத்திரி மேட்டில் பாதி தூரம் ஏறியதும் லாரி இருமியது. உடம்பெல்லாம் ஒரு குலுங்கு குலுங்கியது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது.

பின்னால் ஒரு குடும்பத்தின் வீடே ஏறியிருந்தது. கட்டில், பீரோ, தையல் மெஷின், சுருட்டிக் கட்டிய மெத்தைகள், பூந்தொட்டிகள். ஓட்டிக்கொண்டிருந்தவள் பிரேக்கை அழுத்தி மிதித்து, ஹாண்ட் பிரேக்கை இரண்டு கைகளாலும் இழுத்தாள். அப்படியும் லாரி ஒரு முழம் பின்னுக்கு உருண்ட பிறகுதான் நின்றது. அந்த ஒரு முழத்துக்குள் பக்கத்து சீட்டில் இருந்த அவள் புருஷனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கதவைத் திறந்து குதித்து, ரோட்டோரத்தில் கிடந்த ஒரு கல்லைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான். நிமிர்ந்து பார்த்தபோது அவள் இன்னும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள்.

லாரி அவளுடைய அப்பாவுடையது. வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவதுதான் அந்தக் குடும்பத்தின் பிழைப்பு. அப்பாவுக்கு முழங்கால் போனதும் மகள் ஸ்டீரிங்கில் உட்கார்ந்துவிட்டாள். தெருவில் எல்லோருக்கும் அவள் டிரைவரம்மா. அவள் புருஷன் கல்யாணத்துக்கு முன்பு தையல்காரன். கட்டிக்கொண்ட பிறகு மாமனார் வீட்டோடு வந்து, சாமான் கட்டுவதும் ஏற்றுவதும் லாரியைப் பார்த்துக்கொள்வதுமாக ஆகிவிட்டான். மாமனார் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுத் தெருவே அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்து, இப்போது பெயரைச் சொன்னால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

எப்படியோ ஏர் எடுத்து, அதாவது பம்பில் சிக்கிய காற்றை வெளியேற்றி, கிளப்பி, அன்றைய சாமானைக் கொண்டு சேர்த்துவிட்டு மெக்கானிக்கின் ஷெட்டுக்குப் போனார்கள். ஸ்பானர் என்றால்தான் அந்த மெக்கானிக்கை ஊருக்குத் தெரியும். அவர் லாரிக்கு அடியில் நுழைந்து வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். டீசல் டேங்கிலிருந்து என்ஜின் வரைக்கும் போகிற குழாயில் அங்கங்கே துரு ஏறி, ஒட்டுப் போட்ட இடமெல்லாம் தளர்ந்திருக்கிறது என்றார். கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லையே என்று மாப்பிள்ளை கேட்டான்.

"ஒழுகாது. பம்ப் டீசலை உறிஞ்சுற பக்கம் அது. ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராது, காத்து உள்ள போகும். மேடு ஏறும்போது என்ஜினுக்கு டீசல் பத்தாம மூச்சுத் திணறி நின்னுடும்."

கம்பெனிக் குழாய் இனி கிடைக்காது, அந்த மாதிரி லாரியே இப்போது வருவதில்லை. புதுக் குழாய் வாங்கி வளைத்துத்தான் போட வேண்டும். எந்தக் குழாய் என்று கேட்டதற்கு ஸ்பானர் கையைத் துடைத்துக்கொண்டே, அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், நீங்கள் எதைக் கொண்டுவந்தாலும் மாட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். எப்போதோ அவர் தன் இஷ்டத்துக்கு ஒரு குழாயை மாற்றிவிட, மாமனார் ஷெட்டுக்கே வந்து நாலு பேர் முன்னால் சத்தம் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து இந்த லாரிக்கு யோசனை சொல்வதில்லை என்று அவருக்கு ஒரு வைராக்கியம்.

மாப்பிள்ளை நேரே மாமனாரிடம் போனான். வீட்டில் ஆணி வாங்குவதென்றாலும் அவர் வாயைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தேய்ப்பதை நிறுத்தினார். ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"இதை நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க மாப்பிள்ளை" என்றார்.

அவனுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. கல்யாணமானதிலிருந்து எந்த முடிவையும் அவனிடம் விடாத மனிதர். இது மரியாதையா, சோதனையா, அல்லது எதற்காவது கோபமா என்று புரியாமல் திருதிருவென விழித்துக்கொண்டு வெளியே வந்தான்.

முதலில் போனது ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிற கூட்டாளியிடம். அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. செம்புதான் என்றான். துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம், முனையை விரித்து நட்டு போட்டால் காற்று புகாது, நான் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறேன் என்றான். மாப்பிள்ளைக்கு நிம்மதியாக இருந்தது. செம்புக் குழாய் ஒரு சுருள் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, வெயிலில் அது பளபளக்க, ஏதோ பரிசு வாங்கியவன் போல ஷெட்டுக்கு வந்தான்.

ஸ்பானர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் டயர் மாற்றக் காத்திருந்த வேறொரு லாரி டிரைவர் சும்மா இருக்கவில்லை. செம்பு ஃபிரிட்ஜுக்குச் சரி, ஃபிரிட்ஜ் ஒரே இடத்தில் நிற்கிறது, லாரி நாளெல்லாம் ஆடுகிறது. ஆட ஆடச் செம்பு இறுகிப்போய் ஒருநாள் குச்சி மாதிரி ஒடியும், என் வண்டியிலேயே ஒடிந்திருக்கிறது என்றார். மாப்பிள்ளை ஸ்பானரின் முகத்தைப் பார்த்தான். ஸ்பானர் தயங்கித் தயங்கி, அதோடு செம்பு பட்டால் டீசல் நாளாவட்டத்தில் பிசின் மாதிரி ஆகி ஃபில்டரை அடைக்கும் என்றும் சொன்னார்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று மாப்பிள்ளை கேட்டான். நான்தான் யோசனை சொல்வதில்லையே என்றார் ஸ்பானர்.

சுருளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது குழாய்க் கடைக்காரர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார். உட்காரவைத்து விதவிதமாக எடுத்துப் போட்டார். ஜிங்க் பூசிய இரும்பு என்று ஒன்றைக் காட்டி, ஆனால் பூச்சு டீசலில் கரைந்து வரும், உள்பக்கம் பூசாததாகப் பார்க்க வேண்டும் என்றார். வெறும் இரும்பு மலிவு, ஆனால் மறுபடி துருதான். எவர்சில்வர் தலைமுறைக்கும் வரும், ஆனால் வளைக்க இரும்புக் கை வேண்டும், முனையை விரிக்கும்போது வெடித்தால் அந்தத் துண்டே வீண். செம்பும் நிக்கலும் கலந்த ஒரு வகை உண்டு, துருப்பிடிக்காது, செம்பு மாதிரி ஒடியாது, சுலபமாக வளையும், கடலோரத்தில் ஓடுகிற வண்டிகளுக்குக் கேட்டு வாங்குவார்கள், ஆனால் விலை அதிகம். ரப்பர் ஹோஸ் என்றால் டீசலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆனால் இருந்தது. மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வெளியே வந்ததும் எந்த ஆனால் எந்தக் குழாய்க்கு என்பது மறந்துபோயிருந்தது.

எவர்சில்வரில் ஒரு சின்னத் துண்டு மட்டும் வாங்கி ஷெட்டில் விரித்துப் பார்த்தார்கள். முனை டப்பென்று வெடித்தது. ஸ்பானர் தன் பழைய கருவியைக் குறை சொன்னார். சாயங்காலம் சகலை வந்தார். அவர் டிராக்டர் சாமான் விற்கிறவர். டிரைவரம்மாவின் அக்கா புருஷன், அதனால் இந்த வீட்டு விஷயங்களில் அவருக்கும் ஒரு குரல் உண்டு. நைலான் போடுங்கள் சகலை, இப்போது பெரிய பெரிய வண்டிகளிலேயே நைலான்தான், துருவென்ற பேச்சே இல்லை என்று மேசையைத் தட்டிச் சொன்னார். என்ஜின் சூட்டில் இளகாதா என்று கேட்டதற்கு, சூடு படுகிற இடத்தில் எதற்காகப் போடுகிறீர்கள் என்று கேட்டார். அப்படியானால் அந்த இடத்தில் எதைப் போடுவது என்று கேட்டபோது அவருக்குப் போன் வந்துவிட்டது.

மாப்பிள்ளைக்கு மண்டை காய்ந்தது. சொல்கிறவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். பொய்யென்றால் ஒதுக்கிவிடலாம். எல்லோரும் தாங்கள் கண்டதைத்தான் சொன்னார்கள். ஆனால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் சொல்வதோடு சேர்த்து வைத்தால் ஒரு குழாயும் மிஞ்சவில்லை. குளிக்கப் போனால் குளியலறைக் குழாயைத் தட்டிப் பார்த்தான். அடுப்புக்குப் போகிற காஸ் ட்யூபைத் தடவிப் பார்த்தான். மாமியார் என்ன மாப்பிள்ளை, கசிகிறதா என்று பயந்துபோய் கேட்டார்.

இதற்கு நடுவே அவன் இன்னொன்றைக் கவனித்தான். அவள் ஆஸ்பத்திரி மேட்டுப் பக்கமே போவதில்லை. சின்ன லோடுகளுக்கு அதே லாரியை மெதுவாக எடுத்துப் போய்க்கொண்டிருந்தாள். மேட்டுக்கு அந்தப்புறம் போவதென்றால் ஊரைச் சுற்றிக்கொண்டு போனாள். வாடிக்கைக்காரர் கேட்டால் ரோடு வேலை நடக்கிறது என்றாள். ரோடு வேலை எதுவும் நடக்கவில்லை. சுற்றுவழியிலும் பாலம் ஏறுகிற இடம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள்.

ஒருநாள் காலியாகத் திரும்பும்போது அவனே பேச்சை எடுத்தான். இத்தனை நாளாகியும் ஒரு குழாய் வாங்கத் துப்பில்லை என்று நினைக்கிறாயா என்று கேட்டான். அவள் இல்லை என்றாள். என்ன யோசனை இவ்வளவு என்று மட்டும் கேட்டாள்.

"நான் தப்பா ஒண்ண எடுத்துட்டா, அது நிக்கிறப்ப ஸ்டீரிங்ல நீதானே உட்கார்ந்திருப்ப" என்றான்.

அவள் கியரை மாற்றினாள்.

"நீங்க எடுக்காம இருந்தாலும் நான்தாங்க உட்கார்ந்திருக்கேன்" என்றாள்.

மறுநாள் காலையில் அவன் ஷெட்டுக்குப் போய், புதுசு எதுவாக இருந்தாலும் சரி, முதலில் பழசைக் கழற்றுங்கள் என்று சொல்லிவிட்டான். வளைவுகளை அளவெடுக்கவாவது பழையது வேண்டும் அல்லவா. கழற்றியதை ஒரு சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்னறைத் தரையில் பேப்பர் விரித்து, டேங்கிலிருந்து என்ஜின் வரை இருந்த வரிசையிலேயே அடுக்கினான்.

அப்போதுதான் அது ஒரு குழாயே இல்லை என்று தெரிந்தது. ஆரம்பத்தில் கொஞ்சம் கம்பெனி இரும்பு. அதில் செம்புத் துண்டு ஒன்று. பிறகு கறுப்பு ரப்பர். அதை அடுத்து மஞ்சளாகிப்போன நைலான். மறுபடி இரும்பு. அதன் நடுவே, கிளாம்ப் போட்டு இறுக்கி, உப்பிப்போய், பச்சை நிறத்தில் ஒன்று.

மாமனார் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இது தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ஹோஸ் மாதிரி இருக்கிறதே மாமா என்று மாப்பிள்ளை மெல்லக் கேட்டான். அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அவன் பார்த்தது அபூர்வம். கல்யாண வீட்டுச் சாமானோடு நடுரோட்டில் நின்றபோது பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு வாங்கி வெட்டிப் போட்டது, வாரத்துக்குள் மாற்ற வேண்டும் என்று நினைத்தேன், வருஷங்கள் ஓடிவிட்டன என்றார். செம்பு ஒரு ஃபிரிட்ஜ்காரர் கொடுத்தது. நைலான் பெரிய மருமகனான சகலையின் கடையிலிருந்து வந்தது. ரப்பர், ஸ்பானர் போட்டது. அதற்குத்தான் அவர் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். துண்டு துண்டாகக் கிடந்த அத்தனையிலும் அந்த ரப்பர் ஒன்றுதான் இன்னும் வெடிப்பில்லாமல் இருந்தது. அவர் அதை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"எது நல்லதுன்னு நீங்க வந்து கேட்டீங்க. எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு? நான் எதையும் தேர்ந்தெடுத்ததே இல்ல மாப்பிள்ளை. கையில கிடைச்சதைப் போட்டேன், வண்டி ஓடுச்சு" என்றார்.

மாப்பிள்ளைக்கு இப்போதுதான் புரிந்தது. சோதனையும் இல்லை, கோபமும் இல்லை. அவருக்கும் தெரியாது, அவ்வளவுதான். ஒரு பக்கம் பாரம் இறங்கின மாதிரி இருந்தது, இன்னொரு பக்கம் இனி கேட்க ஆளே இல்லை.

தரையில் கிடந்ததையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கோட்டு தைத்தால் அவன் அதை ஒரே துணியில் தைக்க மாட்டான். காலருக்குள் விறைப்பாக ஒன்று, உள்ளே வழுக்கலாக ஒன்று, கை மடங்குகிற இடத்தில் இழுபடுகிறதாக ஒன்று. இத்தனை நாளும் டேங்கிலிருந்து என்ஜின் வரை ஒரே துணி தேடிக்கொண்டிருந்தோமோ என்று தோன்றியது. சரியாகத் தோன்றுகிறதா, அலுப்பில் தோன்றுகிறதா என்பதுதான் தெரியவில்லை. எழுந்து ஷெட்டுக்குப் போனான்.

லாரியின் அடிச்சட்டமான சேசிஸோடு ஒட்டி நீளமாகப் போகிற இடத்துக்குச் செம்பும் நிக்கலும் கலந்தது, அங்கங்கே ஆடாமல் கிளாம்ப். டேங்கிலிருந்து கிளம்புகிற இடத்திலும், என்ஜின் ஆடுகிற இடத்திலும் மட்டும் டீசலுக்கென்று வருகிற ரப்பர் ஹோஸ். இப்படிப் போடலாமா என்று கேட்டான். யோசனை கேட்காதீர்கள் என்று ஸ்பானர் வாயைத் திறப்பதற்குள், உங்கள் ரப்பர் ஒன்றுதான் கெடாமல் இருந்தது, மாமாவே பார்த்தார் என்றும் சொன்னான்.

ஸ்பானர் வேலையை நிறுத்தினார். பார்த்தாரா என்று கேட்டார். பார்த்தார் என்றான். என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பானருக்கு அது போதுமானதாக இருந்தது போலும். சூடாகிற சைலன்சர் பக்கம் போகாமல் குழாயைக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோக வேண்டும் என்று தானாகவே சொன்னார். அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை; அந்தக் கிளாம்ப் இப்படி, இந்த வளைவு அப்படி என்று ஒரே யோசனை.

குழாய் மாட்டி, ஏர் எடுத்து, ஸ்டார்ட் செய்ததும் லாரி ஒரே பிடியில் கிளம்பியது. டிரைவரம்மா ஓட்ட, மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார, ஊரைச் சுற்றினார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அரிசி மில்லுக்குப் பின்னால் ஒரு சின்ன ஏற்றம் உண்டு, சைக்கிள்காரர்கள்கூட இறங்காமல் ஏறுவது. அதில் ஏறும்போது லாரி இருமியது. குலுங்கியது. நின்றது.

அவள் ஹாண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். அவனும் இறங்கவில்லை. இறங்கி எதைப் பார்ப்பது? இத்தனை பேரைக் கேட்டு, இத்தனையையும் தடவிப் பார்த்து, கடைசியில் எங்கே தொடங்கியதோ அங்கேயே நிற்கிறது. செம்பு நிக்கலில் கோளாறா, ரப்பரிலா, முனையை விரித்ததிலா, தன் தலையிலா? அழுகை வருகிற மாதிரி இருந்தது. அவள் அவன் பக்கம் திரும்பாமலே, ஆறுதலுக்குப் பேசுகிறவள் போலச் சொன்னாள்.

"டேங்க் நிறைய டீசல் இருந்தா இது ஒரு நாளும் நின்னதில்லங்க. அதனாலதான் தூரம் போறதுன்னா நான் ரொப்பிட்டுக் கிளம்புவேன்."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். எத்தனை நாளாக என்று கேட்டான். ரொம்ப நாளாக, அப்பா ஓட்டும்போதே அப்படித்தான், மேட்டில் நின்ற அன்றைக்கு நேரமில்லை என்று ரொப்பவில்லை என்றாள். இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தவன் அடக்கிக்கொண்டான். அவளை யாருமே கேட்கவில்லை. குழாயைப் பற்றி ஊரையெல்லாம் கேட்டவன், எப்போதெல்லாம் நிற்கிறது என்று ஓட்டுகிறவளைக் கேட்கவில்லை.

ஒருவழியாக ஷெட்டுக்குத் திரும்பி, டேங்கில் டீசல் குறைந்தால்தான் நிற்கிறது என்று சொன்னதுமே ஸ்பானர் தலையில் அடித்துக்கொண்டார். டேங்குக்குள் இறங்குகிற உறிஞ்சு குழாய் ஒன்று உண்டு, அதைக் கழற்றிப் பார்க்க அவருக்கும் தோன்றவில்லை. கழற்றினார்கள். டீசலில் மூழ்கியே கிடந்த கீழ்ப்பாதி புதுசு மாதிரி இருந்தது. காற்றும் ஈரமும் பட்ட மேல்பாதியில் துரு அரித்து, ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை. டேங்க் நிறைந்திருந்தால் ஓட்டை டீசலுக்குள் இருக்கும், டீசலைத்தான் உறிஞ்சும். குறைந்தால் ஓட்டை வெளியே வந்து காற்றைக் குடிக்கும்.

புதுசாக ஒன்று செய்துவிடலாம் என்றார் ஸ்பானர். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். எதிலே செய்வது?

மாப்பிள்ளைக்குப் பழையபடி எல்லா ஆனால்களும் வரிசைகட்டி வந்தன. ஆனால் இந்தக் குழாய் நேராகப் போகிறது, வளைக்கவும் வேண்டாம், முனையை விரிக்கவும் வேண்டாம். துருப்பிடிக்காமல் இருந்தால் போதும். எவர்சில்வர் என்றான். சொல்லிவிட்டு யாராவது மறுத்துச் சொல்வார்களா என்று காத்திருந்தான். யாரும் மறுக்கவில்லை. குழாயைப் பற்றவைக்கக் கூப்பிட்டிருந்த வெல்டிங்காரரும் சரி என்றார். அதுவே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

டேங்க் கால்வாசி மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, லோடும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி மேட்டுக்குப் போனார்கள். அவள்தான் போகலாம் என்றாள். அவன் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு, காலடியில் ஒரு மரக்கட்டையைத் தயாராக வைத்திருந்தான். கதவைச் சாத்துங்க என்றாள். சாத்தினான். முதல் கியரில் லாரி முனகிக்கொண்டே ஏறியது. பழைய இடம் வந்தது, போனது. மேலே போய் ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, அவள் ஸ்டீரிங்கிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் டீ குடிக்கலாமா என்று கேட்டாள்.

நின்றதற்குக் காரணம் குழாயா, டேங்குக்குள் இருந்த ஓட்டையா என்பது வீட்டில் இன்னும் தீரவில்லை. ஓட்டைதான் என்கிறார் ஸ்பானர். அப்படியானால் குழாயை மாற்றியே இருக்க வேண்டாம். இரண்டும்தான் என்கிறார் மாமனார். நைலான் போட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது என்கிறார் சகலை. டிரைவரம்மா இந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. ஏறுகிறது, போதும் என்பாள். மாப்பிள்ளையிடம் கேட்டால் தெரியவில்லை என்றுதான் சொல்வான். லோடு இல்லாத நாட்களில் லாரிக்கு அடியில் போய்ப் படுத்து, டேங்கிலிருந்து என்ஜின் வரை குழாயை விரலால் தடவிக்கொண்டே போவான். ஒவ்வொரு ஜாயிண்டாக அழுத்திப் பார்ப்பான். விரல் காய்ந்தே இருக்கும். இருந்தாலும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவான்.